அம்மாவின் கோட்டு, அம்மாவின் சேலை

கெர்மிட் தவளையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், பெரிய வாயும் பிதுங்கிய கண்ணுமாகக் கையைக் காலை ஆட்டிப் பேசும் அந்தப் பச்சைப் பொம்மையைப் பனியனிலோ, பிள்ளைகளின் பென்சில் டப்பாவிலோ பார்த்திருப்பீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் புகழ்பெற்ற பொம்மை அது. அதில் முதன்முதலாகச் செய்யப்பட்டது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பளிச்சென்ற பச்சை இல்லை, நீலமும் பச்சையும் கலந்து வெளுத்துப்போன ஒரு நிறம். கழுத்தைச் சுற்றிய கூர்முனைப் பட்டி இல்லை. தவளைப் பாதமும் இல்லை. அவையெல்லாம் பின்னால் வந்தவை. 1955இல் அது தவளையே இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. கண்கள், இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்து. கையை நுழைக்கும் பகுதி பழைய ஜீன்ஸ் துணி. உடம்பு, அதைச் செய்த ஜிம் ஹென்சனின் அம்மாவுடைய கோட்டு.

இந்தத் தகவல் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி அரை வரியாகத்தான் வரும்: அம்மா ஒதுக்கிப்போட்ட வசந்தகாலக் கோட்டு. அடுத்த அரை வரியில் மேதையின் கைவண்ணம் ஆரம்பித்துவிடும். பல வருடங்களுக்கு முன் முதல்முறை இதைப் படித்தபோது நானும் அந்த அரை வரியில் நிற்காமல் கடந்து போனவள்தான். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தேன். அதிலிருந்தது கடைசியில் வருகிறது. முதலில் அந்தக் கோட்டுக்காரியைப் பற்றி.

அவர் பெயர் பெட்டி ஹென்சன். அவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அவருடைய தாயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் ‘டியர்’ என்று கூப்பிட்ட அந்தப் பாட்டி ஓவியம் வரைந்தவர், ஒட்டுத்துணிகளை இணைத்து மெத்தைவிரிப்பு தைத்தவர், ஊசிவேலையில் கைதேர்ந்தவர். ஜிம்முக்கு நிறமும் துணியும் பழக்கமானது அந்தப் பாட்டியிடம். அதாவது, 18 வயதுப் பையன் ஒருவன் கோட்டை வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுத்தபோது அந்த வீட்டில் இரண்டு தலைமுறைப் பெண்களின் கைப்பழக்கம் அவனுக்கு முன்பே அங்கே இருந்தது.

துணி என்பது இங்கே சின்ன விஷயமில்லை. அதுவரை மேடையில் பேசிய பொம்மைகள் பெரும்பாலும் மரத்தில் செதுக்கியவை. வாய் மேலும் கீழும் அசையும், முகம் அசையாது. தொலைக்காட்சியோ முகத்துக்கு மிக அருகில் வருகிற ஊடகம். மெத்தென்ற துணிக்குள் கை நேரடியாக இருந்தால் விரல் மடங்கும்போது முகம் சுளிக்கும், முஷ்டி இறுகினால் கோபம் வரும். பொம்மலாட்ட மேடை, திரை எதுவும் வேண்டாம். பெட்டியின் நான்கு ஓரமே மேடை. ஆட்டுகிறவர்கள் கீழே குனிந்துகொண்டு, பார்வையாளர்கள் பார்க்கும் அதே காட்சியைச் சிறிய திரையில் பார்த்துக்கொண்டே ஆட்டலாம். இந்தக் கண்டுபிடிப்பைத்தான் உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அது மரத்தைவிட்டுத் துணிக்கு வந்த கண்டுபிடிப்பு, ஆசாரியின் பட்டறையிலிருந்து தையல் பெட்டிக்கு வந்த கண்டுபிடிப்பு. இதைச் சொல்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

நிகழ்ச்சியின் பெயர் ‘சாம் அண்ட் ஃபிரண்ட்ஸ்’. வாஷிங்டனில் ஒரு உள்ளூர் நிலையத்தில் 1955 மே மாதம் தொடங்கி 1961 வரை ஓடியது. ஒவ்வொரு முறையும் ஐந்தே நிமிடம். அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஜிம் ஹென்சன் ஒருவர், ஜேன் நீபல் மற்றவர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு பொம்மலாட்ட வகுப்பில் சந்தித்துக்கொண்டவர்கள். ஜேன் அவரைவிட இரண்டு வயது மூத்தவர், ஓவியக் கல்வி படித்துக்கொண்டிருந்தவர். முதல் நாளிலிருந்து அவரும் பொம்மை ஆட்டினார், செய்தார், வரவுசெலவில் பங்காளியாக இருந்தார். 1958இல் இருவரும் சேர்ந்து நிறுவனமாக்கினார்கள். 1959இல் திருமணம். பிறகு ஐந்து குழந்தைகள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஜேன் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் இடத்துக்கு 1961இல் ஜெர்ரி ஜூல் வந்தார், 1963இல் பிராங்க் ஆஸ் வந்தார். ஒரு பெண் விட்டுப்போன இடத்தை நிரப்ப இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. வேலை பெருகிப்போனதும் ஒரு காரணம் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

ஜிம் ஹென்சன் 1990இல் இறந்தார். 2010இல் ‘சாம் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ பொம்மைகள் பத்தை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தவர் ஜேன். முதல் கெர்மிட்டும் அதில் ஒன்று. 1986லேயே கணவரைச் சட்டப்படி பிரிந்துவிட்டவர் அவர். 2013இல் இறந்தார்.

இனி வருவது எனக்கு மிக நெருக்கமான செய்தி. 1960இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹென்சன் வாங்கிய பட்டம் எது தெரியுமா? ஹோம் சயின்ஸ். அங்கே அதற்கு ஹோம் எகனாமிக்ஸ் என்று பெயர். வணிக ஓவியராகலாம் என்று ஓவியப் படிப்பில் சேர்ந்தவர், துணி, கைவினை வகுப்புகளெல்லாம் மனையியல் கல்லூரியில்தான் இருந்தன என்பதால் அங்கே மாறிக்கொண்டார்.

நான் கோவையில் மனையியல் படித்தவள். 1984இல் சேர்ந்தேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்தேன். எந்தக் கல்லூரி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ‘ஹோம் சயின்ஸா? சமையல் படிப்பா கண்ணு?’ என்று கேட்காத உறவினர் எங்கள் ஊரில் கிடையாது. சீர்வரிசையில் பீரோ, கட்டில், பிஎஸ்ஸி ஹோம் சயின்ஸ் என்று வரிசையாக வைத்துவிடலாம் என்று ஒரு மாமா சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற விஷயம்தான், உண்மையும்கூட. எங்கள் வகுப்பில் படித்த முப்பதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. அதே பாடத்திட்டத்தின் தாய்வீட்டுப் பதிப்பைப் படித்த ஒருவருக்கு அந்தப் பட்டம் மேதைமையின் வினோதமான பக்கக்குறிப்பு. எங்களுக்கு அது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுகிற நான்கு எழுத்து.

ஆனால் அந்தப் படிப்பின் வரலாறு இந்தக் கேலிக்குரியது இல்லை. அமெரிக்காவில் அதற்கு வித்திட்டவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். எம்ஐடி சேர்த்துக்கொண்ட முதல் பெண் மாணவி, வேதியியலாளர். 1873இல் பட்டம் வாங்கினார். தண்ணீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆராய்ந்தவர். வேதியியல் துறைகளில் பெண்களுக்கு இடம் தராத காலத்தில், சமையலறையையே ஆய்வுக்கூடமாக அறிவித்து ஒரு பின்வாசலைத் திறந்தார். 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் கூடிய மாநாட்டிலிருந்து அது ஒரு துறையாக வளர்ந்தது. பின்வாசலுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போகலாம், ஆனால் நீங்கள் பின்வாசல் வழியாக வந்தவர் என்பதை யாரும் மறக்கமாட்டார்கள்.

இந்தியாவில் 1932இல் டெல்லி லேடி இர்வின் கல்லூரி. கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1957இல் தொடங்கிய மகளிர் மனையியல் கல்லூரி, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதைக் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையானவர் ராஜம்மாள் பா. தேவதாஸ். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய ஊட்டச்சத்து விஞ்ஞானி. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் என்ன இருக்க வேண்டும், கீரையிலும் கம்பிலும் கேழ்வரகிலும் என்ன கிடைக்கும் என்று எடைபோட்டுப் பார்த்த தலைமுறையின் தலைவி. 1992இல் பத்மஸ்ரீ. கொங்கு நாட்டில் எத்தனையோ பெண்கள் முதல்முறையாக வீட்டை விட்டு வெளியே வந்து விடுதியில் தங்கிப் படிக்க, ‘வீட்டு வேலைதானே படிக்கப் போகிறாள்’ என்ற சமாதானம்தான் கதவைத் திறந்தது. அந்தச் சமாதானத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதன்மேல் கோபமும் இருக்கிறது.

எங்களுக்கு விரிவாக்கக் கல்வி என்று ஒரு பாடம். கிராமத்துக்குப் போய்ப் படித்ததைச் சொல்லித்தர வேண்டும். அதற்கு ஃபிளாஷ் கார்டு, ஃபிளானல் போர்டு, பொம்மலாட்டம். கைக்குள் மாட்டிக்கொள்ளும் பொம்மை ஒன்றை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். இந்தியா முழுவதும் அந்தக் காலத்தில் பொம்மைக்குக் கல்வி வட்டாரத்தில் நல்ல மரியாதை இருந்தது, அதற்கும் பெண்களே காரணம். அகமதாபாத் தர்ப்பணா அகாடமியில் பொம்மலாட்டப் பிரிவை நடத்திய மெஹர் கான்ட்ராக்டர், நாட்டின் மரபுப் பொம்மலாட்டங்களை ஆவணப்படுத்தியவர், 1983இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். கமலாதேவி சட்டோபாத்யாய, கபிலா வாத்ஸ்யாயன் இருவரின் முயற்சியில் 1979இல் டெல்லியில் அமைந்த பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம், ஆசிரியர்களை வரவழைத்துப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. காந்தத்தையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் பொம்மை சொல்லும் வகுப்புகள் அங்கிருந்து ஊர்ஊராகப் போயின.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை நாங்கள் பின்தங்கியவர்கள். 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சி காட்டிய ‘சைட்’ சோதனையில் ஆறு மாநிலங்கள் இருந்தன. பக்கத்து ஆந்திரமும் கர்நாடகமும் உண்டு, தமிழ்நாடு இல்லை. அதே ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எங்கள் சாளைக்குப் படம் வந்து சேர்ந்தது எண்பதுகளின் பிற்பகுதியில், ஆண்டெனாவைக் கொடைக்கானல் திசைக்குத் திருப்பிவைத்த பிறகு. அப்போது நாங்கள் வாய்பிளந்து பார்த்த பொம்மை ஒரு முயல். லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் வந்து நொறுக்கும் முயல். பம்பாயின் ராம்தாஸ் பாத்யே செய்து ஆட்டியது. அந்த அப்பளத்தை 1959இல் பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. முயல் மட்டும் இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பரண் பெட்டிக்கு வருகிறேன். உள்ளே இருந்தது நான் இரண்டாம் ஆண்டில் ‘செய்த’ பொம்மை. பெயர் பச்சையம்மா. தலை காகிதக் கூழ். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தை அரைத்துக் கலந்து உரலில் இடித்தால் பூச்சி அரிக்காது, கல் மாதிரி இறுகும். மூங்கில் கூடைக்கும் முறத்துக்கும் பூச எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கூழ்தான். உடம்பு கிளிப்பச்சை நெகமம் சேலை. வாய் திறந்து மூடும். உள்ளே சிவப்புத் துணி. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் போட்டபோது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்லி என் கையிலிருந்து பேசினாள் பச்சையம்மா. பேசினால் முகம் சுளிக்கும். மற்ற மாணவிகளின் பொம்மைகள் தலையை மட்டும்தான் ஆட்டின. துறைக் கண்காட்சியில் முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ‘வாய் ரொம்ப நல்லா வந்திருக்கு. நீயே தச்சதா?’ என்று கேட்டார் பேராசிரியை. ‘ஆமாங்க மேடம்’ என்றேன்.

தைத்தது என் அம்மா. சனிக்கிழமை ராத்திரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கி, பாத்திரம் விளக்கிய பிறகு, தையல் மிஷினில் உட்கார்ந்து. நான் வரைந்து கொண்டுபோன மாதிரியில் வாய் திறக்கவில்லை. ‘ஏங்கண்ணு, இப்பிடித் தச்சா கை எப்பிடி மடங்கும்? மடங்குற எடத்துல துணிய விட்டுத்தான வெட்டோணும்?’ என்று கேட்டுவிட்டுத் தன் கையை விரித்துத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். ரவிக்கையின் கம்முக்கட்டில் துணி விட்டு வெட்டும் அதே கணக்கு. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். பொம்மை முகம் சுளித்ததன் ரகசியம் அந்தக் கம்முக்கட்டு.

அந்த டிபன் பாக்ஸ் இப்போதும் வீட்டில் இருக்கிறது. பெயர் வெட்டியிருக்கிறது, என் பெயர்.

இதை எழுத ஆரம்பித்தபோது ஜேனைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் நான் கொண்ட நியாயமான கோபம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பெண்ணின் உழைப்பைக் காணாமல் அடிக்க எப்போதும் ஓர் ஆண் தேவைப்படுவதில்லை. படித்த மகள் போதும். செசமி ஸ்ட்ரீட்டின் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. 1969 நவம்பரில் கெர்மிட்டை உலகக் குழந்தைகளிடம் கொண்டுசென்ற அந்த நிகழ்ச்சியை உருவாக்கி நடத்தியவர் ஜோன் கான்ஸ் கூனி. பெண்ணால் இவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்த முடியுமா என்ற சந்தேகத்தைத் தாண்டித்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி இருந்தும் அவருடைய நிகழ்ச்சியின் பெயர்பெற்ற பொம்மைகள் எல்லாம் ஆண்கள். தெருவில் இருந்த சூசன் என்ற பெண் ஆரம்பத்தில் வீட்டோடு இருந்தார். பெண்ணியவாதிகள் கண்டித்த பிறகே நர்ஸ் ஆனார். மிஸ் பிக்கி என்ற அடங்காத பன்றியை 1974இல் செய்தவர் போனி எரிக்சன், ஆட்டிக் குரல் கொடுத்தவரோ பிராங்க் ஆஸ். நம் ஊருக்கு 2006இல் ‘கலி கலி சிம் சிம்’ வந்தபோதுதான், இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக, கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஐந்து வயதுச் சம்கி நடுவில் நின்றாள். அவள் இந்தி பேசினாள். என் மகள் அப்போது எட்டாவது. என் காலத்தில் வந்திருக்கக்கூடாதா என்று கேட்கும் வயது அவளுக்கு இல்லை, எனக்கு இருந்தது.

‘ஒதுக்கிப்போட்ட கோட்டு’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் எந்தத் துணியும் ஒதுக்கிப்போடப்பட்டதில்லை. விசேஷத்துக்குக் கட்டும் சேலை கொஞ்சம் மங்கினால் தோட்டத்துக்குக் கட்டும் சேலை. அது நைந்தால் பிள்ளைக்குத் தூளி. தூளி கிழிந்தால் தலையணை உறை, பிடிதுணி. நல்ல மெத்தென்ற பகுதியை அம்மா தனியாகக் கிழித்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைப்பார். மாதாமாதம் எங்கள் இரண்டு பேருக்கும் அது வேண்டும். கடைசியில் அடுப்படியில் கரித்துணி. ஒரு சேலை பொம்மையாகப் போனால் இந்த வரிசையில் ஏதோ ஒன்று குறையும். குறைவது யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். மேரிலாந்தில் பெட்டி ஹென்சனின் வீடு எங்கள் வீட்டைப்போல இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு பெண்ணின் துணி பழையதா இல்லையா என்று முடிவுசெய்தது அவரா, அதை வெட்ட வேண்டியிருந்தவரா என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன மாதம் அம்மாவிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். எண்பத்திரண்டு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. ‘உங்களப் பத்தி எழுதுறேனுங்மா. உங்க பழைய சேலையில நீங்க தச்ச பொம்மைன்னு’ என்றேன்.

‘பழசுன்னு ஆரு சொன்னா?’ என்றார். ‘நீ பொறந்தப்ப அமுச்சி எடுத்துக் குடுத்த சீலை அது. வருசத்துக்கு ஒருக்கா மாசாணியம்மன் கோயலுக்குத்தான் கட்டுவேன். பச்சையே வேணும்னு நீயாப் பெட்டியத் தொறந்து எடுத்துட்டு வந்து நின்னே. காலேஜுக்கு வேணுங்குதே புள்ளைன்னு வெட்டிப்போட்டேன்.’

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் நினைவில் அந்தச் சேலை நைந்து, ஓரம் பிரிந்துதான் இருந்தது. நாற்பது வருடமாக அப்படித்தான் இருந்தது.

அம்மா பொம்மையை வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்தார். ‘வாய்க்குள்ளாற செவப்புப் பத்தலைன்னு என்ற ரவிக்கை ஒண்ணையும் வெட்டுனேன். அதைய எழுதீட்டியா?’

‘இன்னும் இல்லீங்மா.’

‘எழுது. கழுத்துக்கிட்ட தையல் விட்டுப்போச்சு பாரு. ஊசி எடுத்தா.’

நூலை நான் கோத்துக் கொடுத்தேன். வீட்டில் பச்சை நூல் இல்லை. கறுப்பில்தான் தைத்தார்.